செம்பராங்கல் சுவரின் இடுக்குகளுக்கு எந்தச் சாந்து?

கேள்வி: தஞ்சாவூரில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டில் கூடத்தின் ஒரு சுவர் செம்பராங்கல்லால் கட்டப்பட்டது. பழைய பூச்சை உரித்துப் பார்த்தபோது கல் நன்றாக இருக்கிறது. இடுக்குகளில் உள்ள சாந்துதான் விரல் பட்டாலே உதிர்கிறது. சிமெண்ட் கலவையால் பாயிண்டிங் செய்துவிடலாம் என்கிறார் கொத்தனார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். வண்டல் படிந்த டெல்டாவில் கட்டுக்கல் கிடைக்காது என்பதால், மேற்கே வல்லம் மேட்டுப் பகுதியில் வெட்டிய செம்பராங்கல் இப்பக்கத்து வீடுகள் சிலவற்றுக்கு வந்து சேர்ந்தது. துளைகள் நிறைந்த அந்தக் கல், தரையிலிருந்து ஏறும் ஓதத்தை உறிஞ்சிக்கொண்டு, வெயில் காலத்தில் மெல்ல வெளியே விடும். கல்லைவிட இளகியதும் காற்றுப் புகக்கூடியதுமான சுண்ணாம்புச் சாந்து இடுக்கில் இருக்கும்வரை ஈரம் பெரும்பாலும் அதன் வழியாகவே வெளியேறும். அந்த வழியைச் சிமெண்ட் அடைத்துவிட்டால் ஈரம் கல்லின் முகப்பு வழியாக வெளிவரும். கூடவே வரும் உப்பு துளைகளுக்குள் படிகமாக இறுகிக் கல்லைப் பொருக்குப் பொருக்காகப் பெயர்க்கும். உதிர்ந்த சாந்தை மறுபடி வைத்துக்கொள்ளலாம், கல்லை அப்படி மாற்ற முடியாது. ‘பிடிப்புக்காகக் கொஞ்சம் சிமெண்ட்’ சேர்ப்பதற்கும் நான் உடன்படமாட்டேன்.

வேலையைத் தொடங்குமுன் இரண்டைப் பார்த்துவிடுங்கள். சுவர் வயிறு தள்ளியிருந்தாலோ, விரிசல் கற்களின் ஊடாகவே ஓடியிருந்தாலோ அது இடுக்கு அடைத்துத் தீரும் காரியம் அல்ல. கட்டுமானப் பொறியாளர் பார்க்க வேண்டும். அடுத்து, ஓதம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். மித்தத்து நீர் சுவரோரம் தேங்குகிறதா, மறுபக்கம் குளியலறை இருக்கிறதா என்பதைச் சரிசெய்து, சுவரை ஒரு கோடையாவது உலர விட்டபின் தொடங்குவது நல்லது. பூத்திருக்கும் உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது மீண்டும் உள்ளே போகும். உலர்ந்த தூரிகையால் துடைத்து அள்ளிவிடுங்கள்.

பழைய சாந்தைச் சிறு உளியும் சுத்தியலும் கொண்டு கையாலேயே சுரண்ட வேண்டும். கிரைண்டர் இயந்திரம் கல்லின் விளிம்பைத் தின்றுவிடும். இடுக்கின் அகலத்தைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாமல், எப்படியும் 20 முதல் 25 மில்லிமீட்டர் ஆழம் வரை எடுங்கள். மேலோட்டமாக அப்பிய சாந்து ஓரிரு ஆண்டில் பட்டையாகக் கழன்று விழும். சுவர் முழுவதையும் ஒரே நாளில் தோண்டிவிடாமல், ஒரு சிறு பகுதியைச் சுரண்டி அடைத்துவிட்டு அடுத்ததற்குப் போவதே பாதுகாப்பு.

சாந்துக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் மிக நல்லது. நீற்றும்போது தண்ணீரில் சுண்ணாம்பைப் போட வேண்டுமே தவிர, சுண்ணாம்பின் மேல் தண்ணீரைக் கொட்டக் கூடாது. கொதித்துத் தெறித்தால் கண்ணே போய்விடும். கண்ணாடியும் கையுறையும் அணிந்துகொண்டுதான் இதைத் தொட வேண்டும். கண்ணில் பட்டுவிட்டால் நிறையத் தண்ணீரால் விடாமல் கழுவிக்கொண்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். நீற்றிய சுண்ணாம்பை நீர் மூடிய நிலையில் குறைந்தது ஒரு வாரம் ஊற வையுங்கள். பிறகு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு சலித்த மணல் என்ற அளவில் கலக்கலாம். மணலில் வண்டலோ உப்போ இருக்கக் கூடாது என்பதால் கடற்கரை மணல் ஆகாது.

கிளிஞ்சல் சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவை ஈர்த்துத்தான் இறுகும் என்பதால், எப்போதும் ஈரம் கசியும் சுவரடியில் அது நெடுநாள் இளகியே கிடக்கும். அங்கே மட்டும் மணலில் ஒரு பங்கைக் குறைத்துச் சுர்க்கி, அதாவது செங்கல்லை இடித்த பொடி, சேர்த்துக்கொள்ளுங்கள். சுர்க்கிக்கு மிகவும் வெந்து கறுத்த செங்கல்லை இடிக்கக் கூடாது, அது சுண்ணாம்போடு வினைபுரியாது. கடுக்காய், வெல்ல ஊறல் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். கைப்பழக்கம் உள்ள கொத்தனார் கிடைத்தால் சேர்க்கட்டும். ஒரு கூடத்துச் சுவருக்கு அதைவிடச் சுண்ணாம்பு ஊறிய பக்குவமே முக்கியம்.

இடுக்கைத் துடைத்து, முந்தின நாளும் வைப்பதற்குச் சற்று முன்னும் நீர் தெளித்து, சொட்டு நிற்காத ஈரத்தில் சாந்தை அழுத்தித் திணியுங்கள். அகன்ற இடுக்குகளில் சில்லுக்கல் செருகலாம். கல்லின் முகப்பைவிட மயிரளவு உள்வாங்கியே முடியுங்கள். கயிறு போல் புடைத்த பாயிண்டிங் இந்தச் சுவருக்குப் பொருந்தாது. பிறகு ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை திடீரென்று காயாமல் காக்க வேண்டும். சித்திரை, வைகாசி வெக்கையையும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையையும் தவிர்த்துவிட்டால் தையும் மாசியும் இதற்கு வசதியான மாதங்கள். வேலை முடிந்ததும் பளபளப்புக்காக வார்னிஷ் அடிக்கச் சொல்வார்கள்; அது சிமெண்ட் செய்யும் கேட்டையே செய்யும் என்பதால், நிறம் வேண்டுமானால் சுண்ணாம்புக் கரைசல் மட்டும் பூசிக்கொள்ளுங்கள்.