மகன் தன் இடத்துக்கே ஆள் பழக்குகிறான், தடுப்பதா விடுவதா?

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான்கு பக்கமும் வாசித்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு இடத்தில் பேனை தாளைக் கிழித்திருக்கிறது. "தன்ர தலையில தானே மண்ணை அள்ளிப் போடுறான்" என்று எழுதியிருந்தது அங்கேதான்.

நான் விளங்கிக்கொண்டது சரியா பாருங்கள். மகனுக்கு 22 வயது. உயர்தரம் கலைப்பிரிவு, பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. ஊர் உதைபந்தாட்டக் கழகத்தில் மூன்று வருடமாக முதல் கோல் காப்பாளர். இந்த வருடம் மாவட்ட அணித் தெரிவுக்குப் போக இருக்கிறார். இந்த நேரம் பார்த்துக் கழகத்துக்கு 17 வயதுப் பெடியன் ஒருவன் வந்திருக்கிறான், மகனைவிட ஒரு சாண் உயரம். "இவனைக் கொஞ்சம் பழக்கிவிடு" என்று பயிற்றுநர் மகனிடமே ஒப்படைத்துவிட்டார். மகனும் பின்னேரம் நாலரைக்குப் போனால் இருட்டும் வரை அவனோடுதான். போதாக்குறைக்குத் தன் பழைய கிளவுஸையும் தூக்கிக் கொடுத்துவிட்டார். நீங்கள் கேட்பது: இதை நிற்பாட்டச் சொல்வதா, விடுவதா?

நிற்பாட்டச் சொல்லாதீர்கள். ஆனால் இப்போது நடக்கிறபடியே நடக்கவும் விடாதீர்கள்.

உங்கள் பயம் வீண்பயம் இல்லை. பதினொரு பேரில் கோல் காப்பாளர் ஒருவர்தான். பின்களத்தில் விளையாடுகிறவருக்கு ஒரு இடம் போனால் இன்னொரு இடத்தில் போட்டுப் பார்ப்பார்கள். கோல் காப்பாளருக்கு அந்த வசதி இல்லை. இரண்டாம் காப்பாளர் ஒரு பருவம் முழுக்க வாங்கில் இருந்து தண்ணீர்ப் போத்தல் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான். வன்னியில் வேலையும் அப்படித்தானே? ஒரு கந்தோரில் ஒரு சாரதி வெற்றிடம் என்றால் இரண்டு பிரதேச செயலகப் பிரிவும் சேர்ந்து விண்ணப்பிக்கிறது. இப்படியான ஊரில் பிள்ளையை வளர்த்த தாய் பதறாமல் இருந்தால்தான் அதிசயம். ஆகவே "மற்றவனுக்கு உதவுவது நல்ல குணம் அம்மா" என்று சொல்லி உங்களை அனுப்பிவிட எனக்கு மனமில்லை.

அப்படியானால் பழக்குவது மகனின் கடமையா? இல்லை. பழக்குவது பயிற்றுநரின் வேலை, மகனின் வேலை கோலைக் காப்பது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இந்த வழக்கு அமெரிக்காவில் வருடாவருடம் நடக்கிறது. அவர்களுடைய ஃபுட்போல் நம்முடையது அல்ல; முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்து விளையாடுவது. அதில் குவாட்டர்பெக் என்று ஒரு இடம் உண்டு, நம்முடைய கோல் காப்பாளர் மாதிரி ஒரு நேரத்தில் ஒருவர்தான் நிற்கலாம். 2005இல் கிறீன் பே பக்கர்ஸ் அணியில் பிறெட் ஃபாவ் என்ற பெரிய ஆட்டக்காரர் அந்த இடத்தில் இருந்தார். அந்த வருடம் அணி ஆரன் றொஜர்ஸ் என்ற இளம் ஆளை எடுத்தது. அவனைத் தயார்ப்படுத்துவது தன் ஒப்பந்தத்தில் எழுதியில்லை என்றார் ஃபாவ். மூன்று வருடம் றொஜர்ஸ் வாங்கில் இருந்தார். 2008இல் இடம் றொஜர்ஸுக்குப் போனது, ஃபாவை நியூயோர்க் ஜெட்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். (2020இல் அதே அணி றொஜர்ஸின் இடத்துக்கு ஒரு பெடியனை எடுத்தது. 2023இல் றொஜர்ஸும் அதே ஜெட்ஸுக்கே போனார். கதை எழுதுகிறவர் இப்படி எழுதினால் நம்பமாட்டோம்.)

மற்றப் பக்கத்தையும் பாருங்கள். 2017இல் கன்சாஸ் சிற்றி அணியில் அலெக்ஸ் ஸ்மித் முதல் ஆள். அணி பற்றிக் மஹோம்ஸை எடுத்தது. ஸ்மித் அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழக்கினார். எதிரணியைப் படிப்பது, கிழமை முழுக்க எப்படித் தயாராவது, எல்லாம். மஹோம்ஸ் இன்றும் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். அடுத்த வருடம் இடம் மஹோம்ஸுக்குப் போனது, ஸ்மித் வொஷிங்டனுக்குப் போனார்.

இதில் நான் கவனிப்பது ஒன்றே ஒன்று. பழக்காதவருக்கும் இடம் போனது, பழக்கியவருக்கும் இடம் போனது. பெடியனை எடுத்த நாளிலேயே அணி அதைப் பாதி முடிவு செய்துவிட்டது. ஆனால் ஸ்மித் பழக்கிக்கொண்டிருந்த அந்த 2017 பருவத்தில்தான் லீக்கிலேயே எறிதலுக்கான மிக உயர்ந்த மதிப்பீடு அவருக்கு வந்தது. வொஷிங்டனுக்கு அவர் போனது முதல் ஆளாக, புதிய ஒப்பந்தத்தோடு. பழக்கினால் நம் ஆட்டம் குறைந்துவிடும் என்ற கணக்கு அங்கே பிழையாகிவிட்டது.

உங்கள் மகனுக்கு இன்னும் நெருக்கமான கதை 2006 உலகக் கிண்ணம். ஜேர்மனியில் ஒலிவர் கான் 2002 உலகக் கிண்ணத்தின் சிறந்த வீரர். நான்கு வருடம் கழித்துத் தன் நாட்டிலேயே போட்டி நடக்கும்போது யென்ஸ் லேமனை முதல் காப்பாளராக்கிவிட்டார்கள். இரண்டு பேருக்கும் ஆகாது என்பது ஊரறிந்தது. ஆர்ஜென்ரீனாவுடனான காலிறுதி பெனால்ரிக்குப் போனது. உதை தொடங்க முன்னர் கான் லேமனிடம் போனார், கைகொடுத்தார், ஏதோ சொன்னார். லேமன் இரண்டைப் பிடித்தார், ஜேர்மனி வென்றது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் கானை இறக்கினார்கள். கானை வில்லனாகவே பார்த்துப் பழகியவர்கள்கூட அந்தக் கைகொடுப்பை மறக்கவில்லை. அவருக்கு அப்போது 37 வயது, லேமனுக்கு 36. 2018 உலகக் கிண்ணத்தில் எகிப்தின் எஸ்ஸாம் எல் ஹதாரி 45 வயதில் ஒரு பெனால்ரியைத் தடுத்தார். அம்மா, 22 வயதுக் கோல் காப்பாளர் "பழைய ஆள்" இல்லை. கடிதத்தில் அந்தச் சொல்லை இரண்டு தரம் எழுதியிருக்கிறீர்கள். மகனுக்கு முன்னால் சொல்லிவிடாதீர்கள்.

கடைசிப் பக்கத்தில் பூனை புலிக்கு எல்லா வித்தையும் பழக்கிவிட்டு மரமேறுவதை மட்டும் மறைத்த கதையைச் சொல்லி, "அவனும் ஒண்டை மறைச்சு வைக்கட்டும்" என்று கேட்டிருந்தீர்கள். எதை மறைப்பது என்று நானும் யோசித்துப் பார்த்தேன். நான் ஒரு காலத்தில் இடது பின்களத்தில் ஓடியவன், கோல் காப்பாளருக்குப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரியும். பின்னேரம் சோளகம் அடிக்கும்போது மூலையிலிருந்து தூக்கிப் போடும் பந்து கடைசி நேரத்தில் எந்தப் பக்கம் இழுபடும், நம் மைதானத்தின் கிறவலில் பந்து எங்கே படிந்து போகும், எங்கே எகிறும், திரும்பிப் பார்க்காமல் கோலின் நடுவில் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ள எதிர்ப்பக்கப் பாலைமரத்தைக் கண்ணில் வைத்துக்கொள்வது. மகனின் வித்தை இதுதான். இது மறைக்கக்கூடிய பொருள் இல்லை. அந்தப் பெடியன் கோலுக்குப் பின்னால் நின்று இரண்டு மாதம் பார்த்தாலே பிடித்துவிடுவான். பழக்கினால் இரண்டு கிழமையில் பிடிப்பான், அவ்வளவுதான் வித்தியாசம். மற்றது, கதையில் புலி பூனையைத் தின்ன வந்தது. இவன் கிளவுஸ் இல்லாமல் வந்த பெடியன்.

மறைத்துப் பார்த்தவன் நான். போர் முடிந்த கையோடு வீட்டுத்திட்ட வேலைகள் நடந்த காலத்தில் ஒரு நிறுவனத்தில் பயனாளிகள் பட்டியல் பார்க்கும் வேலை எனக்கு. கணினியில் அந்த எக்செல் கோப்பு நான் கட்டியது. கடவுச்சொல்லும் எனக்கு மட்டும்தான் தெரியும். புதிதாக வந்த ஒரு தங்கச்சி, "அண்ணா, இந்தக் கூட்டுத்தொகை எங்கேயிருந்து வருகுது?" என்று கேட்பாள். "அது அப்படித்தான் வரும், நீர் பெயரை மட்டும் அடியும்" என்பேன். ஒரு வருடம் நிம்மதியாகத்தான் இருந்தது. அப்புறம் கொழும்பில் ஆறு மாதப் பயிற்சி ஒன்று வந்தது, சான்றிதழோடு, சம்பளத்தோடு. என் பெயர்தான் முதலில். பொறுப்பாளர் கேட்டது ஒரே கேள்வி: "நீர் போனால் இந்தப் பட்டியலை ஆர் பாக்கிறது?" நான் வாயைத் திறக்கவில்லை. வேறொருவர் போனார். திட்டம் முடிந்தபோது பட்டியலும் முடிந்தது, நானும் வீட்டுக்கு வந்தேன். அந்தத் தங்கச்சி தானாகவே படித்துக்கொண்டு என்னைவிட நல்ல இடத்தில் இருக்கிறாள். இப்போது எக்செல்லில் சந்தேகம் வந்தால் நான் அவளுக்குத்தான் தொலைபேசி எடுக்கிறேன்.

சரி, இனி என்ன மாற வேண்டும் என்று பார்ப்போம்.

பயிற்றுநர் தன் வேலையை மகன் தலையில் கட்டிவிட்டுப் போவது சரியில்லை. மகன் அவரிடம் போய் மரியாதையாக ஒன்று கேட்கலாம்: "சேர், நாலரையிலிருந்து ஐந்தரை வரை இவனைப் பாக்கிறன். அதுக்குப் பிறகு எனக்கு." அந்த இரண்டாவது மணித்தியாலத்தில் பெடியன் மகனுக்குப் பந்து அடிக்க வேண்டும். கோல் காப்பாளர் தனியே பயிற்சி செய்ய முடியாது, பக்கவாட்டில் பாயவும் உயரப் பந்துக்கு எழும்பவும் யாராவது சரியாகப் பந்து தரவேண்டும். அதை முன்கள வீரரைவிட இன்னொரு காப்பாளர்தான் ஒழுங்காகச் செய்வார். மூன்று வருடம் மகனுக்கு அப்படி ஒரு ஆள் இருக்கவில்லை, இப்போது இருக்கிறான். தெரிவுக்கு முந்திய மாதத்தில் மட்டும் தன் பயிற்சியை முதலில் வைக்கட்டும். அதைப் பெடியனிடம் வெளிப்படையாகச் சொல்லட்டும். தெரிவில் மகனுக்குப் பதிலாக அவனை எடுத்தால்? எடுக்கலாம். அந்த ஒரு சாண் உயரத்தை நானோ நீங்களோ குறைக்க முடியாது.

அடுத்தது, செய்கிறதை எழுத்தில் வைக்க வேண்டும். நம் பிள்ளைகள் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். ஒரு கொப்பியில் திகதி, நேரம், என்ன பழக்கினார் என்று இரண்டு வரி போதும். வருட முடிவில் கழகத் தலைவரிடமும் பயிற்றுநரிடமும், இவர் இளம் காப்பாளர்களைப் பயிற்றுவித்தார் என்று கடிதத்தலைப்பில் ஒரு கடிதம். பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தருக்கும் விடயம் தெரிந்திருக்கட்டும். இந்த ஒரு மணித்தியாலம் இனாமாகப் போகிறது என்று நீங்கள் கவலைப்படுகிறீர்கள். பயிற்றுநராக விண்ணப்பிக்கும் நாளில் ஒருவர் காட்டக்கூடிய அனுபவம் வேறு எங்கேயிருந்து வரும்? ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் பயிற்றுநர் சான்றிதழ்கள் சி, பி, ஏ என்று படிப்படியாகப் போகின்றன. கோல் காப்பாளர் பயிற்றுநருக்கென்று தனியாகவும் உண்டு. கோல் காப்பைத் தெரிந்து பழக்கும் ஆள் வன்னியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று மகனையே எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள்.

ஆனால் அம்மா, நீங்கள் கேட்காமல் விட்ட கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். மாவட்ட அணி ஒரு வேலை இல்லை. அந்தச் சான்றிதழுக்கு நேர்முகப் பரீட்சையில் கொஞ்சம் புள்ளி கிடைக்கலாம், சம்பளம் கிடைக்காது. விளையாட்டு எவ்வளவு நிலையில்லாதது என்றால், 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கை உதைபந்தாட்ட சம்மேளனத்தையே இடைநிறுத்தியது. ஓகஸ்ட் வரை நாட்டுக்கே சர்வதேச ஆட்டம் இல்லை. இந்தப் பெடியன் வராவிட்டாலும் இரண்டு வருடத்தில் மகன் இதே இடத்தில்தான் வந்து நிற்பார். ஆகவே இரண்டு வழிகளை இப்போதே பார்க்க வேண்டும்.

ஒன்று, தேசிய கல்வியியற் கல்லூரியில் உடற்கல்விப் பாடநெறி. விளையாட்டுப் பின்னணி உள்ளவருக்குப் பொருந்தும், முடித்தால் ஆசிரியர் நியமனம். ஆனால் எந்த வருட உயர்தரம், என்ன பெறுபேறு, என்ன வயது என்று ஒவ்வொரு தடவையும் வர்த்தமானியில் வரும். அதைக் கூர்ந்து பார்க்க வேண்டும், யாரோ சொன்னார் என்று இருந்துவிடாதீர்கள். மற்றது, கையில் ஒரு தொழில். கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, வாகனம், மின், உணவுத் தொழில்நுட்பம் என்று என்.வி.கியூ. (தேசிய தொழிற் தகைமை) பாடநெறிகள். கலைப்பிரிவு படித்தவர் அங்கே போகக்கூடாது என்று ஒரு எண்ணம் நம் ஊரில் உண்டு, அது பிழை. இரண்டில் எனக்கு உடற்கல்விதான் மகனுக்குச் சரியாகப் படுகிறது. காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: "இருட்டினாலும் வீட்டுக்கு வராமல் அந்தப் பெடியனுக்குத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டு நிக்கிறான்."

அடுத்த கிழமை செவ்வாய் அல்லது வியாழன் காலையில் மகனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். சாதாரண தர, உயர்தரப் பெறுபேறு, இருக்கிற எல்லா விளையாட்டுச் சான்றிதழும், பாடசாலைக் காலத்தது உட்பட, ஒரு கோவையில் போட்டு வையுங்கள். கிழிந்ததையும் எறியாதீர்கள்.

கிளவுஸ் விடயத்தில் மகனோடு சண்டை வேண்டாம். மூன்று வருடம் கிறவலில் போட்ட கிளவுஸின் உள்ளங்கை இந்நேரம் வழுக்கும், பந்து நிற்காது. அவர் கொடுத்திருக்காவிட்டாலும் தெரிவுக்கு முன்னர் புதிது ஒன்று வாங்கத்தான் வேண்டும்.