தக்காளி இலையின் அடிப்பக்கம் ஊதாவாகிறதா? உரப் பையைத் தொடாதீர்கள்

கேள்வி: வசந்தம் பிறந்த கையோடு தக்காளி, மிளகாய் நாற்றுகளை வாங்கி நட்டேன். மூன்று வாரமாகியும் ஓர் இலைகூடப் புதிதாக விடவில்லை. தக்காளி இலைகளின் அடிப்பக்கமும் நரம்புகளும் ஊதா நிறமாகிவிட்டன. நாற்று விற்றவரிடம் படம் காட்டினேன். "மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைபாடு. டி.ஏ.பி. உரம் போடுங்க, கூடவே இந்த வளர்ச்சி டானிக்கை வாரம் ரெண்டு தடவை தெளிங்க" என்கிறார். தோட்டம் பொறுமையைக் கற்றுத்தரும் என்பார்கள். எனக்கோ இருந்த பொறுமையும் போய்விட்டது. உரம் போடட்டுமா, பிடுங்கிவிட்டு வேறு நடட்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். ஒரு வெப்பமானியை எடுத்துக்கொண்டு காலையில் தோட்டத்துக்குப் போங்கள். செடியின் பக்கத்தில் நாலு விரல் ஆழத்தில் மண்ணுக்குள் செருகி ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே காட்டினால் பெரும்பாலும் உங்கள் செடிக்கு நோயும் இல்லை, மண்ணில் உரப் பஞ்சமும் இல்லை. காலில் குளிர் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

விற்றவர் சொன்னதில் பாதி உண்மை. ஊதா நிறம் மணிச்சத்து போதாததைத்தான் காட்டுகிறது. ஆனால் குறைவது செடிக்குள்ளே, மண்ணில் இல்லை. மணிச்சத்து மண்ணில் இருந்த இடத்தைவிட்டு அதிகம் நகராது. வேர்தான் அதைத் தேடிப் போக வேண்டும். குளிர்ந்த மண்ணில் தக்காளி வேர் வளர்வது மிகவும் மந்தமாகிவிடும். இந்த நிலையில் டி.ஏ.பி. போடுவது, வயிறு சரியில்லாதவனை உட்கார வைத்து விருந்து பரிமாறுவதற்குச் சமம். அதோடு போகாது. வேருக்குப் பக்கத்தில் கரையும் டி.ஏ.பி.யிலிருந்து அம்மோனியா வெளிப்பட்டு, இருக்கிற நாலு இளம் வேரையும் கருக்கும். அப்போது இலை ஓரம் காயும். அதற்கும் ஒரு பாட்டில் தயாராக இருக்கும்.

அந்தப் பாட்டிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வசந்தத்தில் புதிதாகத் தோட்டம் போடுபவரின் பதற்றம்தான் இந்த வியாபாரத்தின் முதலீடு. டானிக் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்ன சதவீதம், தயாரித்த நாள் எது, எத்தனை லிட்டர் தண்ணீருக்கு எவ்வளவு என்று இருக்கிறதா? 'இயற்கையான சாறுகளின் கலவை' என்று மட்டும் போட்டிருந்தால் அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். தெளித்துப் பத்து நாளில் செடி தேறியது என்று சாட்சி சொல்ல நிறையப் பேர் வருவார்கள். அந்தப் பத்து நாளில் வெயில் ஏறியதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

நாற்று விற்பதிலும் இதே கதைதான். சூடான பிளாஸ்டிக் கூடாரத்தில் உரம் ஊட்டி வளர்த்து, பூவோடு கொண்டுவந்து அடுக்குகிறார்கள். மண் சூடேற இன்னும் பல வாரம் இருக்கும்போதே விற்பனை முடிந்துவிடுகிறது. செடி செத்தால் மறுபடியும் வந்து வாங்குவீர்கள் அல்லவா? விதைப் பொட்டலமாவது பரவாயில்லை. பல நாடுகளில் முளைப்புத் திறனும் பரிசோதித்த நாளும் அதில் அச்சிட்டாக வேண்டும். நாற்றுத் தொட்டியில் என்ன இருக்கிறது? பழுத்த தக்காளியின் படம். என்றைக்கு விதைத்தார்கள், கூடாரத்தைவிட்டு எப்போது வெளியே எடுத்தார்கள் என்று ஒரு வரி போடச் சொல்ல எந்த அதிகாரிக்கும் நேரமில்லை. அடுத்த முறை வாங்குமுன் தொட்டியைக் கவிழ்த்து, மண்கட்டியை உருவிப் பாருங்கள். வேர் சுவரோடு சுவராகச் சுற்றியிருந்தால் வேண்டாம். பூத்த நாற்றும் வேண்டாம். வாங்கிய நாற்றை ஏழிலிருந்து பத்து நாள் வரை பகலில் வெளியே, இரவில் உள்ளே என்று பழக்கிவிட்டு நடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: செடியடியில் வைக்கோல் மூடாக்கு போட்டிருந்தால் விலக்குங்கள். கோடையில் அது மண்ணைக் காக்கும். இப்போது வெயிலைத் தடுத்து மண்ணைக் குளிராகவே வைத்திருக்கும். தண்ணீரைக் குறையுங்கள். ஈர மண் சூடேற அதிக நேரம் எடுக்கும். விரலை விட்டுப் பார்த்து, உள்ளே காய்ந்திருந்தால் மட்டும் காலையில் ஊற்றுங்கள். பூ இருந்தால் கிள்ளிவிடுங்கள். இரவு 10 டிகிரிக்குக் கீழே போனால் துணியோ அட்டைப் பெட்டியோ கவிழ்த்து மூடி, விடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

நாற்றங்காலில் இருந்த ஆழத்துக்கு மேல் தண்டைப் புதைக்காதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். இதற்குத் தக்காளி விலக்கு. அதன் தண்டின் அடிப்பகுதியில் சிறு சிறு புடைப்புகள் தெரியும், தடவிப் பார்த்தால் சொரசொரப்பாக இருக்கும். மண் பட்டால் அங்கிருந்து வேர் விடும். ஆகவே நெட்டையாக வளர்ந்த தக்காளி நாற்றை, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுக் கழுத்துவரை புதைக்கலாம். ஆனால் வசந்தத்தில் ஆழக் குழி தோண்டாதீர்கள், கீழ் மண் இன்னும் குளிர்ந்தது. மேலாக ஒரு வாய்க்கால் கீறி, தண்டைச் சாய்த்துப் படுக்க வைத்து, நுனியை மட்டும் வெளியே விடுங்கள். இரண்டு நாளில் தானே நிமிரும். ஒட்டுக்கட்டிய தக்காளியென்றால் இந்த விலக்கும் இல்லை. ஒட்டு மண்ணுக்குள் போனால் மேல்தண்டே வேர் விட்டுவிடும், ஒட்டுக்குக் கொடுத்த காசு வீண். மிளகாயிடம் இதெல்லாம் வேண்டாம், பழைய ஆழமே சரி.

பொறுமை போய்விட்டது என்கிறீர்கள். கைகட்டிச் சும்மா இருக்க நான் சொல்லவில்லை. தினமும் போய்ப் பாருங்கள், பார்த்ததைக் குறித்து வையுங்கள். ஊற்றவும் போடவும்தான் வேண்டாம். மண் 18 டிகிரியைத் தொட்டதும் தக்காளியின் நுனியில் இளம்பச்சையாகக் குருத்து வரும். பழைய இலையில் ஊதா நிறம் கொஞ்சம் தங்கலாம், பொருட்படுத்தாதீர்கள். பார்க்க வேண்டியது புது இலையைத்தான். மேலுரத்தை அதற்குப் பிறகு யோசிக்கலாம். மிளகாய் தக்காளியைவிடக் குளிருக்குப் பயந்தது, அது இன்னும் தாமதமாகத்தான் கிளம்பும்.

தண்டு மண்ணைத் தொடும் இடத்தை மட்டும் விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் விட்டுவிடுங்கள். பழுப்பேறி, நூல்போல ஒடுங்கி, நசுங்கினால் அது அழுகல். அந்தச் செடியைச் சுற்றியுள்ள மண்ணோடு எடுத்துப் போட்டுவிட்டு, மண் சூடான பிறகு வேறு நாற்றைச் சற்றுத் தள்ளி நடுங்கள்.