ரப்பர் வளைய வைத்தியம் மட்டமானதா?

உங்கள் தாயாரின் இரைப்பைச் சுவரில் உள்ள கட்டியை அகற்றச் சொல்லப்பட்ட ரப்பர் வளைய முறை, செலவு குறைவு என்பதாலேயே அரைகுறை வைத்தியமாக இருக்குமோ என்று கோத்தகிரியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அப்படி இல்லை. கல்லீரல் இறுகிப்போனவர்களுக்கு உணவுக்குழாயில் புடைத்த இரத்தக்குழாய்களைக் கட்டப் பல ஆண்டுகளாகப் பயன்படும் அதே கருவிதான் இது. வாய் வழியே விடும் கேமராக் குழாயான எண்டோஸ்கோப்பின் நுனியில் மாட்டிய சிறு மூடிக்குள் கட்டியை உறிஞ்சி இழுத்து, அடியில் வளையத்தை இறுக்கி, சுருக்குக் கம்பியால் அறுத்து எடுப்பார்கள். விலையுயர்ந்த தனிக் கத்திகள் தேவைப்படாததால்தான் செலவு குறைகிறது. ஆனால் வளையத்தை மட்டும் போட்டு, தானாக உதிரட்டும் என்று விட்டால் கட்டி மலத்தோடு போய்விடும். அது எந்த வகை என்று பரிசோதிக்க எதுவும் மிஞ்சாது. ஆகவே அறுத்தெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்களா என்றும், அதற்கு முன் கட்டி எந்த அடுக்கில் இருக்கிறது என்று எண்டோஸ்கோப்பி வழி அல்ட்ராசவுண்டில் பார்ப்பார்களா என்றும் கேளுங்கள். பயாப்சி (கிள்ளியெடுத்த திசுவின் பரிசோதனை) நார்மல் என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். இடுக்கி மேல்தோலைத்தான் கிள்ளியிருக்கும், உங்கள் தாயாரின் கட்டியோ அதற்கு அடியில் இருக்கிறது.

ஏப்பத்துக்கும் நெஞ்செரிச்சலுக்கும் ஒன்றேகால் சென்டிமீட்டர் கட்டியைக் குறை சொல்ல வேண்டாம். கைப்பேசியில் தேடினால் எல்லாக் கட்டியும் புற்றுநோயாகத்தான் தெரியும்.

எனக்குக் கவலை தருவது, கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய வரி: இரண்டு வாரமாக மலம் கறுப்பாகப் போகிறது, தேயிலைச் சரிவில் ஏறும்போது இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிடுகிறார். மலைக்குளிர் என்கிறீர்கள். முப்பது ஆண்டுகள் அதே சரிவில் கொழுந்து பறித்தவருக்குக் குளிர் திடீரென்று மூச்சு வாங்க வைக்காது. உடலில் இரத்தம் குறைந்தால் அப்படி ஆகும். மலம் கறுப்பது வயிற்றுக்குள் இரத்தம் கசிவதன் அடையாளமாக இருக்கலாம். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் தார்போல ஒட்டி, துர்நாற்றம் வீசாது. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்கும் மாத்திரையே இரைப்பையைப் புண்ணாக்கப் போதும். அதை இன்றே நிறுத்துங்கள். நாளைக் காலையிலேயே மருத்துவரிடம் காட்டி ஹீமோகுளோபின் பாருங்கள். மயங்கினாலோ இரத்த வாந்தி எடுத்தாலோ விடியும்வரை காத்திராமல் 108-ஐ அழையுங்கள். இரண்டு சென்டிமீட்டருக்குள் இருக்கும் கட்டியைச் சில வேளை அகற்றாமல் கண்காணிக்கலாம். இரத்தம் கசிவது அந்தக் கட்டியிலிருந்துதான் என்று தெரிந்தால் அப்படி விட்டுவைக்க முடியாது.

அகற்றிய பிறகும் சில நாள் கழித்து அந்த இடத்தில் இரத்தம் கசியக்கூடும். நள்ளிரவில் மேட்டுப்பாளையம் இறக்கத்தில் நோயாளியைக் கொண்டு செல்லும் நிலை வராதிருக்க, மருத்துவர் போகலாம் என்று சொல்லும்வரை கோவையில் உறவினர் வீட்டிலேயே தங்க வையுங்கள்.