நாலாயிரம் ரூபாயை நம்பலாமா?

கேள்வி: எனக்கு வயது 44, மனைவிக்கு 41. மதுரையில் சொந்த வீடு. சம்பளம் 52,000 ரூபாய், அதில் வீட்டுக்கடன் தவணைக்கே 14,500 போய்விடும். ஒரே மகன், பிளஸ் ஒன். காப்பகத்தில் இருக்கும் எட்டு, ஒன்பது வயதுப் பெண் குழந்தையை வளர்ப்புப் பராமரிப்பில் (தத்தெடுக்காமல் வீட்டில் வைத்து வளர்ப்பது) எடுக்க ஆசை. அரசு தரும் பணம் போதுமா? அவள் பெயரில், பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தைகளுக்கான செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கலாமா?

பதில்: போதாது. மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். பள்ளி வேன், டியூஷன் என்று இரண்டு செலவிலேயே அது கரைந்துவிடும். ஒன்றாம் தேதி சம்பளம் மாதிரி வந்துவிடும் என்றும் கணக்குப் போடாதீர்கள்.

தவணை போக உங்கள் கையில் நிற்பது 37,500. அதிலிருந்து மாதம் 8,000 ரூபாயை மூன்று மாதம் தனியே எடுத்து வைத்துப் பாருங்கள். மூச்சு முட்டாமல் குடும்பம் ஓடினால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் போய் விசாரியுங்கள். சேர்ந்த 24,000 வீணாகாது. கட்டில், சீருடை, பல் டாக்டர் என்று முதல் மாதமே வேலை இருக்கும். இரண்டு வருடத்தில் மகனுக்குக் காலேஜ் ஃபீஸ் வேறு. ஃபீஸுக்கான சேமிப்பில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இன்னொன்று, உடன்பிறந்தவர்களைப் பிரிக்கக் கூடாது என்பதுதான் சட்டத்தின் நோக்கம். அவளுக்கு ஒரு தம்பி இருந்தால் என்ன செய்வீர்கள் என்பதை இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள்.

செல்வமகள் கணக்கு சரிப்படாது. பெற்றோரோ சட்டப்படியான காப்பாளரோதான் அதைத் தொடங்க முடியும். தாத்தா பாட்டி தொடங்கிய கணக்குகளையே பெற்றோர் அல்லது காப்பாளர் பொறுப்புக்கு 2024-இல் மாற்றச் சொல்லிவிட்டார்கள். வளர்ப்புப் பராமரிப்பு தத்து இல்லை என்பதை மறக்க வேண்டாம். 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி பெற்றவர்கள் வந்து பார்க்கலாம். குழந்தைகள் நலக் குழு சரி என்றால் அவள் அவர்களிடமே திரும்பிப் போகலாம். அதனால் உங்கள் பெயரிலேயே ஒரு ஆர்.டி. போட்டு, அவளுக்கென்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வளர்ப்புப் பராமரிப்புக்கான 2024 வழிகாட்டு நெறிமுறைகளின்படி இரண்டு வருடம் வளர்த்த பிறகு தத்தெடுக்க வழி உண்டு. ஆனால் அதற்குள் அவளுக்குப் பத்து வயது தாண்டிவிடும், செல்வமகள் கதவும் மூடிவிடும். அப்போது பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) பார்க்கலாம்.

தத்தெடுக்காத வரை உங்கள் சொத்தில் அவளுக்குத் தானாகப் பங்கு வராது. ஏதாவது தர நினைத்தால் உயில் எழுதுங்கள். இரண்டு சாட்சி போதும், பதிவு கட்டாயமில்லை. வரி விஷயத்திலும் உயில்தான் நல்லது. சட்டத்தின் கண்ணில் அவள் உங்கள் உறவினர் இல்லை. ஒரே வருடத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாகக் கொடுத்தால் அது அவளுடைய வருமானமாகிவிடும். உயில் வழியாகக் கிடைப்பதற்கு அந்த வரி கிடையாது.

அப்புறம், உங்கள் குடும்ப மருத்துவக் காப்பீட்டில் அவளைச் சேர்ப்பார்களா என்று கம்பெனியிடம் இப்போதே எழுத்தில் கேளுங்கள். ஏஜென்ட் போனில் சொல்லும் 'பார்த்துக்கலாம் சார்' போதாது.