ஒப்புதல் கிடைத்தால் போதுமா?

கேள்வி: எங்கள் பல்கலைக்கழக ஆட்சிக்குழு, புதிய முதுகலைப் படிப்புக்கும் ஊழியர் மருத்துவக் காப்பீட்டு விரிவாக்கத்துக்கும் ஒப்புதல் தந்துவிட்டது. உடனே நடைமுறைக்கு வருமா?

பதில்: பெரும்பாலும் வராது. தீர்மானத்தின் வாசகத்தைப் பாருங்கள். ‘கொள்கை அளவில் ஒப்புதல்’ என்றிருந்தால், பணம் இன்னும் ஒதுக்கப்படவில்லை என்றே கொள்ளலாம். படிப்பைத் தொடங்க, பாடத்திட்டத்தைக் கல்விக்குழு ஏற்றிருக்க வேண்டும். ஆசிரியர் பணியிடங்களுக்கு நிதியும் வேண்டும். நிதி இல்லாமல் தொடங்கினால், இருக்கும் ஆசிரியர்கள் தலையிலேயே கூடுதல் வகுப்புகள் விழும். மாணவர்கள் சேர்ந்த பிறகு இது தெரியவருவதுதான் கொடுமை.

காப்பீட்டில் நடைமுறைத் தேதி, பிரீமியத்தில் ஊழியர் பங்கு, தற்காலிகப் பணியாளருக்கும் பொருந்துமா என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். பிரீமியம் ஏறினால் கூடுதலை யார் கட்டுவது என்பதும் அதில் இருக்கட்டும். இல்லாவிட்டால் சம்பளத்தில் பிடித்துவிடக்கூடும். கூட்டக் குறிப்பு வழக்கமாக அடுத்த கூட்டத்தில்தான் உறுதிசெய்யப்படும். அப்போது வாசகம் திருத்தப்படலாம் என்பதால், உறுதிசெய்யப்பட்ட குறிப்பின் நகலையும் வாங்கி, முதல் தீர்மானத்தோடு ஒப்பிடுங்கள்.