கேளுங்கள், சொல்கிறோம்: பழைய கேம்பாய் கேசட்டுகள்

அப்பாவின் டிரங்குப் பெட்டியில், கேம்பாய் என்ற நின்டெண்டோ கையடக்க வீடியோ கேம் கருவியில் போட்டு விளையாடும் கேசட்டுகள் ஒரு கட்டு கிடைத்தன. மொத்தமாக எடுத்துக்கொள்வதாக ஒருவர் விலை பேசுகிறார். கொடுக்கலாமா?
– வாசகி, குன்னூர்

மொத்தமாகக் கொடுக்காதீர்கள், தனித்தனியாகப் பாருங்கள். பழசு என்பதாலேயே விலை ஏறிவிடாது. அமெரிக்காவில் 1989-இல் கேம்பாயோடு சேர்த்தே டெட்ரிஸ் விளையாட்டையும் கொடுத்தார்கள். அதனால் அது எங்கும் கிடைக்கிறது, விலையும் குறைவு. போக்கிமான் எமரால்டு விளையாட்டு அப்படியல்ல. தேடுகிறவர்கள் அதிகம், போலியும் அதிகம்.

அசல் எமரால்டின் ஓடு பச்சைக் கண்ணாடி போல இருக்கும். உள்ளே வட்ட பேட்டரி தெரியும். லேபிளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். அழுத்திப் பதித்த இரண்டு இலக்க எண் மெலிதாகத் தெரிய வேண்டும். ஆங்கிலப் பதிப்பு என்றால் லேபிளில் ஏஜிபி-பிபிஇஇ (AGB-BPEE) என்ற குறியீடு இருக்கிறதா பாருங்கள். பின்களுக்கு (கருவியில் செருகும் உலோக முனைகளுக்கு) மேலே போர்டில் நின்டெண்டோ பெயர் அச்சாகியிருக்கும். திறந்தால் சிப்புக்குப் பதில் கறுப்புப் பிசின் உருண்டை இருந்தால் அது போலி. ‘32 இன் 1’ கேசட்டுகள் எல்லாமே கள்ளப் பதிப்புகள்தான்.

விலைக்கு, இணையத்தில் விற்பவர் கேட்கும் தொகையைப் பார்க்காதீர்கள். விற்று முடிந்தவற்றின் விலையை மட்டும் பாருங்கள். அட்டைப்பெட்டியையும் கையேட்டையும் அந்தக் காலத்தில் பெரும்பாலோர் தூக்கி எறிந்துவிட்டார்கள். உங்களிடம் இருந்தால் அவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு, கேசட்டிலிருந்து பிரித்து விற்காதீர்கள்.

போக்கிமான் கோல்டு ஓடுகிறது, ஆனால் சேவ் (விளையாடிய இடம்வரையான பதிவு) நிற்கவில்லை. கேசட் கெட்டுவிட்டதா?
– வாசகர், கோத்தகிரி

இல்லை, உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்துவிட்டது. கோல்டிலும் அதன் ஜோடியான சில்வரிலும் சேவ் பதிவையும் விளையாட்டின் கடிகாரத்தையும் ஒரே சி.ஆர். 2025 வகை வட்ட பேட்டரி தாங்குகிறது. அதனால் மற்ற கேசட்டுகளைவிடச் சீக்கிரம் தீரும். எமரால்டில் பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும்தான். தீர்ந்தாலும் சேவ் போகாது.

திறக்க 3.8 மி.மீ. கேம்பிட் என்ற தனி ஸ்க்ரூடிரைவர் முனை வேண்டும். சாதா ஸ்க்ரூடிரைவரால் திருகினால் தலை தேய்ந்துவிடும், பிறகு திறக்கவே முடியாது. ஸ்க்ரூவைக் கழற்றியதும் மூடியைச் சற்று நகர்த்தித் தூக்குங்கள். நெம்பினால் உள்கொக்கி உடையும். மல்டிமீட்டரில் புது பேட்டரி 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும், 2.5-க்குக் கீழே என்றால் மாற்றியே ஆக வேண்டும்.

இரு பக்கமும் தகடு ஒட்டி வரும் பேட்டரியையே வாங்குங்கள். வெறும் பேட்டரி மேல் ஈயம் வைத்தால் சூட்டில் அது வெடிக்கலாம். சி.ஆர். 2032-உம் 3 வோல்ட்தான், ஆனால் 0.7 மி.மீ. தடிமன் கூட, மூடி சரியாக உட்காராமல் போகலாம். பழையதைக் கழற்றும் முன் பிளஸ், மைனஸ் எந்தப் பக்கம் என்று போட்டோ எடுத்து வையுங்கள். பேட்டரியைக் கழற்றிய நொடியில் மிச்சமிருக்கும் சேவும் போய்விடும். அது வேண்டுமென்றால் முதலில் கார்ட்ரிட்ஜ் ரீடரில் (கேசட்டைக் கணினியோடு இணைக்கும் கருவியில்) போட்டு கணினியில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்களில் கறை, லேபிளில் பூஞ்சை. மழைக்காலத்தில் இன்னும் மோசம்.
– வாசகர், கொடைக்கானல்

மலையில் கேசட்டின் விலையைக் குறைப்பது ஈரம்தான். வயதை அதற்கு அடுத்துத்தான் சொல்ல வேண்டும். பின்களுக்கு 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் நனைத்து, பின்னின் நீளவாக்கில் தேயுங்கள். பஞ்சில் கறுப்பு வருவது நிற்கும் வரை குச்சியை மாற்றிக்கொண்டே இருங்கள். நன்றாக உலர்ந்த பிறகே கேம்பாயில் போடுங்கள். பென்சில் ரப்பர் தங்க முலாமைச் சுரண்டிவிடும். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் பின்னை அரிக்கும்.

லேபிளில் ஆல்கஹால் படவே கூடாது, மை கரைந்துவிடும். உலர்ந்த மென்மையான பிரஷ் போதும். கறை மிஞ்சினால் இருக்கட்டும். சேகரிப்பவர்கள் புதிதாக அச்சடித்த லேபிளைவிடக் கறை படிந்த அசல் லேபிளுக்கே கூடுதல் விலை கொடுப்பார்கள்.

இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, சின்ன ஈரப்பத மீட்டரையும் உள்ளே வையுங்கள். 40 முதல் 50 சதவீதம் நல்லது; 60-ஐத் தாண்டினால் பூஞ்சை வரும். டிசம்பர், ஜனவரிக் குளிரில் டப்பாவை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். ஹீட்டர் போட்ட அறைக்குக் கொண்டுவந்ததும் திறக்காமல் இரண்டு மணி நேரம் விடுங்கள். உடனே திறந்தால் குளிர்ந்த பின்கள் மேல் நீர் கோத்துக்கொள்ளும்.