பழைய கிற்றார் அம்ப்: திருத்தவா, உள்ளே உள்ளதைக் கழற்றி எறியவா?

தேவாலயப் பாடகர் குழுவின் ட்ரான்சிஸ்டர் அம்ப் பல வருடமாகச் சும்மா கிடந்தது. இப்போது போட்டால் 'ஊ' என்ற இரைச்சல் மட்டும்தான். திருத்துகிறவர் போட் (பாகங்கள் பதித்த சுற்றுப் பலகை) முழுக்கப் போய்விட்டது, புதிது போடுவோம் என்கிறார். சரி சொல்லலாமா? (கல்லடி)

உடனே சரி சொல்லாதீர்கள் தம்பி. அளந்து பார்க்காமல் யாரும் அப்படித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அம்பைப் போடும்போது ஸ்பீக்கரின் கோன் ஒரு பக்கம் துள்ளி அப்படியே நின்றால் உடனே பிளக்கைக் கழற்றுங்கள். அவுட்புட் ட்ரான்சிஸ்டர் ஷோர்ட் ஆகி, டீசி (ஒரே திசையில் ஓடும் மின்) நேராக ஸ்பீக்கருக்குப் போகிறது. கொஞ்ச நேரத்தில் சுருள் கருகிவிடும். ஸ்பீக்கர் வயரைக் கழற்றி அந்த முனைகளில் மீட்டரை டீசியில் வைத்துப் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 20, 30 வோல்ட் காட்டினால் ட்ரான்சிஸ்டர் மாற்ற வேண்டும். அது போட்டையே மாற்றும் வேலை இல்லை.

டீசி இல்லை, வொலியூமைப் பூச்சியத்தில் வைத்தாலும் இரைச்சல் குறையவில்லை என்றால் பெரும்பாலும் மின் வடிகட்டிக் கண்டென்சர்கள்தான். நம் கறன்ட் 50 ஹேர்ட்ஸ். அதை டீசியாக்கும் ரெக்டிபயர் தாண்டி வரும்போது அது 100 ஆகும், அந்தச் சத்தம்தான் உங்கள் 'ஊ'. வருடக்கணக்கில் கறன்ட் ஏறாத கண்டென்சர் உள்ளே கெட்டுப்போகும். அதே மைக்ரோபரட் (கண்டென்சரின் கொள்ளளவு), அதே அல்லது கூடிய வோல்ட்டில் அந்தக் கண்டென்சர்களை மாற்றுங்கள். மாற்றியபின் முதல் தடவை அம்புக்கு வரும் மின்கம்பியில் 60 வொட் இழை பல்பு ஒன்றைத் தொடராகக் கொடுத்துப் போடுங்கள். பளிச்சென்று எரிந்து மங்கினால் பயமில்லை. எரிந்தபடியே நின்றால் இன்னும் ஷோர்ட் இருக்கிறது.

சத்தம் திடீரென்று நின்றுவிடும், பெட்டியில் தட்டினால் வரும். (வாழைச்சேனை)

பின்னால் சென்ட், ரிட்டர்ன் என்று (இடையில் எஃபெக்ட் பெட்டி இணைப்பதற்கு) இரண்டு துளை இருந்தால் ஒரு சின்ன வயரால் இரண்டையும் இணைத்துப் பாருங்கள். சத்தம் சீராக வந்தால் ரிட்டர்ன் ஜக்கின் தொடுமுனை அழுக்கு. கொண்டாக்ட் கிளீனர் போதும்.

அப்படியும் வராவிட்டால் போட்டைத் திருப்பி இன்புட் ஜக்கின் காலைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். போன மாரியில் என் மேசைக்கு வந்த ஒன்றில் ஈயத்தைச் சுற்றி மயிரிழை போல ஒரு கறுப்பு வட்டம். விரலால் ஜக்கை அசைத்தால் கால் ஈயத்துக்குள் தனியாக ஆடியது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாகப் பற்றவைத்தேன், அவ்வளவுதான் வேலை. அந்த அம்பையும் உள்ளே எல்லாவற்றையும் எறியச் சொல்லித்தான் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

வெள்ளத்தில் நனைந்த அம்ப். போட்டில் செப்பே பச்சை பூத்து உரிகிறது. கடையில் கிடைக்கும் அம்ப் போட் ஒன்றைப் போடலாமா? (காரைதீவு)

இங்கே எறிவதுதான் சரி. செப்புக் கோடே உரிந்துவிட்டால் பற்றவைக்க இடமில்லை. ஆனால் ட்ரான்ஸ்போமரையும் ஸ்பீக்கரையும் எறியாதீர்கள், விலை அவற்றில்தான். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் ஏறத்தாழ 6 ஓம் காட்டினால் சுருள் உயிரோடு இருக்கிறது. ட்ரான்ஸ்போமரை நன்றாகக் காயவைத்த பிறகே சோதியுங்கள்.

போட் வாங்கும்போது வோல்ட்டைக் கணக்குப் பாருங்கள்: 18-0-18 ட்ரான்ஸ்போமர் (நடுவில் பூச்சியம், இரு பக்கமும் 18 வோல்ட்), ரெக்டிபயர் தாண்டி இரு பக்கமும் ஏறத்தாழ 25 வோல்ட் தரும். எல்.எம்.3886, டி.டி.ஏ.7293 என்ற சிப் வைத்த போட்களுக்கு அது பொருந்தும். 24 வோல்ட் ஒற்றை மின்னில் ஓடும் சின்ன போட்டுக்கு முழு 50 வோல்ட்டையும் கொடுத்தால் புகைதான். டி.டி.ஏ.7293இன் உலோக முதுகு மைனஸ் வோல்ட்டோடு இணைந்தது, மின் கடத்தாத மைக்காத் தகடு வைக்காமல் சூடு வெளியேற்றும் ஹீட்சிங்கில் இறுக்காதீர்கள்.

பலர் தவறும் இடம் இன்னொன்று. கிற்றாரை இந்த போட்டில் நேராகச் செருகினால் சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். கிற்றார் பிக்கப்புக்கு 1 மெகாஓம் அளவு இன்புட் தடை வேண்டும்; இந்த போட்கள் சில பத்துக் கிலோஓம்தான் தரும். மட்டக்களப்புப் பறங்கியர் வீட்டுக் கல்யாணத்தில் கஃப்ரிஞ்ஞா ஆட்டத்துக்குக் கிற்றார் வெட்டி வெட்டி விழ வேண்டும்; அந்த வெட்டு முழுக்க இதில் மழுங்கிப்போகும். டி.எல்.072 சிப் வைத்த ஒரு ப்ரீஅம்ப் முன்னால் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

ஜப்பானில் இருந்து வந்த அம்பை நேராகப் பிளக்கில் போட்டுவிட்டேன். (அக்கரைப்பற்று)

அது 100 வோல்ட், நம்முடையது 230. முதலில் பியூஸைப் பாருங்கள், அதோடு தப்பியிருக்கலாம். கண்டென்சர் தலை வீங்கியிருந்தால் மாற்றுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, ட்ரான்ஸ்போமரின் பிளக் பக்கக் கம்பிகளுக்கிடையே ஓமில் வைத்த மீட்டர் ஒன்றும் காட்டாவிட்டால் ட்ரான்ஸ்போமர் போய்விட்டது. அதைப் பிரிக்காமல் அப்படியே சுற்றுகிறவரிடம் கொண்டுபோங்கள். செக்கண்டரிச் (போட் பக்கச்) சுற்றுகளை எண்ணி, 230 வோல்ட் பிரைமரியோடு (பிளக் பக்கச் சுற்றோடு) புதிதாகச் சுற்றித் தருவார்.